‘ஏன்’ என்று கேட்காமல் காரணம் காண்பது: எல்லையோரக் கள ஆய்வுக்கு ஒரு வழிகாட்டி

சமூகவியலோ மானிடவியலோ நாட்டார் வழக்காற்றியலோ படித்துவிட்டு முதல் தடவை களத்துக்குப் போகிறவர்களுக்காக எழுதியது இது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் தமிழ் பேசும் குடும்பங்களிடம் வேலை செய்யப் போகிறவர்களை மனத்தில் வைத்திருக்கிறோம். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி, சம்பந்தம் இரண்டு பக்கமும். இப்படிப்பட்ட ஊரில் யார் என்ன செய்தாலும் ஒற்றைக் காரணம் சொல்லி முடித்துவிட முடியாது. அதனாலேயே புரிந்துணர் ஆய்வு முறையை, அதாவது செய்தவர் தன் செயலுக்கு வைத்திருக்கும் பொருளைப் புரிந்து அதன் வழியாகக் காரணம் காணும் முறையை, கைப்பழக்கமாகக் கற்க இது நல்ல களம்.

முறையின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. மனிதரைப் பற்றிய அறிவியல்களுக்கு இயற்கை அறிவியலின் அடித்தளம் போதாது, தனி அடித்தளம் வேண்டும் என்று தத்துவவாதி வில்ஹெல்ம் டில்தாய் 1883-இல் வாதிட்டார். சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் அதைச் சமூகவியலின் வேலைக்கருவி ஆக்கினார். அவர் இறந்த பிறகு 1922-இல் வெளியான ‘பொருளாதாரமும் சமூகமும்’ நூலின் தொடக்கத்தில் ஒரு வரையறை வருகிறது: சமூகச் செயலைப் பொருளுணர்ந்து புரிந்துகொள்வதும், அந்தப் புரிதல் வழியாக அதன் போக்குக்கும் விளைவுக்கும் காரணம் காட்டுவதும் சமூகவியலின் வேலை. மாணவர்கள் முதல் பாதியை மனப்பாடம் செய்கிறார்கள், இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். காரணம் காட்டாத புரிதல் பாதி வேலைதான்.

எது சமூகச் செயல் (பிறரைக் கருத்தில் கொண்டு செய்வது), எது இல்லை என்பதற்கு வெபரே எளிய எடுத்துக்காட்டுகள் தருகிறார். இரண்டு சைக்கிள்கள் மோதிக்கொண்டால் அது வெறும் நிகழ்வு. மோதாமல் ஒதுங்கப் பார்த்தது, மோதியபின் திட்டிக்கொண்டது, கைகலந்தது, சமாதானமாகப் பேசியது எல்லாம் சமூகச் செயல். மழை பிடித்ததும் தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் குடை விரிப்பது சமூகச் செயல் இல்லை. அங்கே ஒவ்வொருவரும் மழையைப் பார்த்துச் செய்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து இல்லை. நீங்கள் எடுக்கும் விஷயத்தை முதலில் இந்த வடிகட்டியில் போட்டுப் பாருங்கள்.

கேள்வியைத் தேர்வது

மனப்பான்மையை எடுக்காதீர்கள், செயலை எடுங்கள். ‘எல்லையோரத் தமிழரின் மொழி அடையாளம்’ என்று தலைப்பு வைத்துக்கொண்டு போனால் ஆறு மாதம் கழித்துக் கையில் பொதுக் கருத்துகள் மட்டும் இருக்கும். ‘ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பிள்ளைக்கு எந்த மீடியம் என்று எப்படி முடிவாகிறது’ என்பது ஆய்வு செய்யக்கூடிய கேள்வி. நல்ல கேள்விக்கு மூன்று தகுதிகள் வேண்டும். செயலைக் கண்ணால் பார்க்கவோ பதிவேட்டில் காணவோ முடிய வேண்டும். செய்தவரிடம் நினைவு மங்குவதற்குள், ஓராண்டுக்கு உள்ளாகவாவது, பேச முடிய வேண்டும். அவர் வேறு மாதிரியும் செய்திருக்கலாம் என்ற நிலை உண்மையாகவே இருந்திருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் சரிபார்ப்பதில்லை. நடந்துபோகும் தூரத்தில் ஒரே பள்ளி, அதில் ஒரே மீடியம் என்றால் அங்கே பெற்றோரின் தேர்வுக்குப் பொருள் தேடுவது வீண்.

காலத்தையும் பாருங்கள். கேரளத்தில் பள்ளி திறப்பது ஜூன் தொடக்கத்தில். சேர்க்கைப் பேச்சு வீடுகளில் நடப்பது ஏப்ரலிலும் மே மாதத்திலும். அந்த இரண்டு மாதம் ஊரில் இல்லாமல் ஆகஸ்டில் போய்க் கேட்டால், முடிவைப் பற்றிப் பின்னால் கட்டிய விளக்கங்கள்தான் கிடைக்கும்.

பார்ப்பதில் இரண்டு படி

வெபர் புரிதலை இரண்டு படியாகப் பிரிக்கிறார். ஒருவர் கோடரியால் விறகு பிளக்கிறார் என்பது பார்த்தவுடன் புரிகிறது. இது நேரடிப் புரிதல். கூலிக்குப் பிளக்கிறாரா, தன் வீட்டு அடுப்புக்கா, உடற்பயிற்சிக்கா, கோபத்தைத் தணிக்கவா என்பது பார்த்து மட்டும் தெரியாது. இது விளக்கப் புரிதல். முதல் படியை முடிக்காமல் இரண்டாவதுக்குத் தாவுவதே களத்தில் அதிகம் நடக்கும் பிழை.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் இதைப் பழகலாம். வாங்க வரும் வியாபாரிகளில் பெரும்பகுதி கேரளத்துக்காரர்கள். தரகர் ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கையையும் மூடுகிறார். துண்டுக்குக் கீழே விரல் பிடித்து விலை போகிறது. பிடித்த விரல்களின் எண்ணிக்கைதான் விலை. வாயில் வருவது ‘சரி’, ‘ஆவாது’, ‘பாத்துச் சொல்லுங்க’ மட்டும். குறிப்பேட்டில் முதலில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: யார் துண்டைப் போட்டார், யார் கை முதலில் போனது, எத்தனை விநாடி, கண் எங்கே இருந்தது, சுற்றி நின்றவர்கள் எவ்வளவு தள்ளி நின்றார்கள், துண்டை எடுத்தபின் முதல் சொல் யாருடையது. ‘ரகசியமாகப் பேரம் பேசினார்கள்’ என்று எழுதிவிட்டால் அப்போதே ஒரு விளக்கத்தை நுழைத்துவிட்டீர்கள்.

இனி இரண்டாம் படி. ஏன் துண்டு? உடனே தோன்றும் விடை, பக்கத்துக்காரருக்கு விலை தெரியக்கூடாது. அதோடு நிற்காதீர்கள். குறைந்தது நான்கு வாசிப்புகளை எழுதுங்கள். ஒன்று, விலையை மறைக்க. இரண்டு, கேட்ட விலை மறுக்கப்பட்டால் நாலு பேர் முன்னால் யாருக்கும் முகம் சுருங்காமல் இருக்க. மூன்று, இரு பக்கத்துக்கும் நடுவே தரகர் தன் இடத்தைக் காத்துக்கொள்ள. நான்கு, அப்பன் காலத்திலிருந்து இப்படித்தான் என்பதால்.

ஒவ்வொரு வாசிப்புக்கும் எதிரே, ‘இது தவறென்றால் நான் எதைப் பார்ப்பேன்’ என்று ஒரு வரி எழுதுங்கள். இந்த வரிதான் இந்த வழிகாட்டியின் மையம். விலையை மறைப்பதுதான் நோக்கம் என்றால், பேரம் முடிந்த பிறகும் விலை வெளியே வராமல் இருக்க வேண்டும். முடிந்த கையோடு டீக்கடையில் தொகையை உரக்கச் சொல்கிறார்கள் என்றால் முதல் வாசிப்பு தளர்கிறது. முகம் காப்பதற்கு என்றால், படியாத பேரங்களைக் கவனியுங்கள். துண்டை எடுத்துவிட்டு எதுவும் நடக்காதது போலப் பிரிகிறார்களா, இல்லை சத்தமாக விலையைச் சொல்லிக் குறை பேசுகிறார்களா? தரகருக்காக என்றால், தரகர் இல்லாமல் நேரே நடக்கும் விற்பனையில் துண்டு வரக்கூடாது. வெறும் வழக்கம் என்றால், தொழுவத்தில் பங்காளிகளுக்குள் நடக்கும் விற்பனையிலும் துண்டு விழ வேண்டும். முப்பது நாற்பது பேரம் பார்த்தால் இந்த நான்கில் குறைந்தது இரண்டு விழுந்துவிடும். எஞ்சுவது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வாங்குபவருக்கு ஒரு பொருள், தரகருக்கு இன்னொரு பொருள் என்று ஒரே துண்டுக்குக் கீழே இரண்டும் இருக்கலாம்.

புரிதலுக்குச் சோதனை தேவையில்லை, அனுபவித்து உணர்ந்தால் போதும் என்று நினைப்பவர்கள் சமூகவியலாளர் தியடோர் ஏபல் 1948-இல் எழுதிய விமர்சனத்தைப் படிக்க வேண்டும். பொருளுணர்தல் ஊகத்தைத் தரும், ஊகம் சரியா என்று அதனால் சொல்ல முடியாது என்றார் அவர். இந்த முறையை நேசிப்பவர்களுக்கு அது கசப்பாக இருக்கும். ஆனால் களத்தில் அவர் சொன்னது சரியாகவே இருக்கிறது. உங்கள் மனத்தில் ‘ஆகா, புரிந்துவிட்டது’ என்று ஒரு வெளிச்சம் அடித்தால், அன்று எழுத வேண்டியது முடிவுரை இல்லை, சோதிக்க வேண்டிய வாக்கியம்.

கேட்பது

‘ஏன்’ என்று கேட்டால் மனிதர்கள் நியாயம் சொல்வார்கள். யாரிடம் சொல்கிறோமோ அவருக்குப் பொருத்தமான காரணத்தைத்தான் எல்லோரும் எடுத்துக் கொடுப்பார்கள் என்று சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1940-லேயே காட்டியிருக்கிறார். கோவையிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைக்கு ஒரு காரணம், பஞ்சாயத்து மெம்பருக்கு ஒரு காரணம், மச்சானுக்கு ஒரு காரணம். இதில் எதுவும் பொய் இல்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ‘இதுதான் காரணம்’ என்று எழுதுவதுதான் பிழை.

ஆகவே ‘எப்படி’, ‘எப்போ’, ‘யாரு’ என்று கேளுங்கள்.

“பையனைச் சேத்துன அன்னிக்கு என்னென்ன நடந்துச்சுன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுங்க அண்ணா.”

“அதுக்கு முன்னாடி யாருகிட்டயெல்லாம் கேட்டீங்க? வேண்டாம்னு யாராச்சும் சொன்னாங்களா?”

“பாரத்த யாரு எழுதிக் குடுத்தாங்க அக்கா?”

“பெரிய பாப்பாவைச் சேத்தும்போதும் இப்படித்தான் பேசுனீங்களா?”

இப்படிக் கேட்டால் செயலின் வரிசை வரும். வரிசையில்தான் காரணம் கிடக்கும். “ஏனுங்க, இங்க இருந்துட்டு மலையாளம் தெரியாம எப்படிங்க? ஆபீஸ்ல ஒரு பேப்பர் குடுத்தா படிக்கத் தெரியோணுமல்ல?” என்று ஒருவர் சொன்னால், அங்கே இரண்டு வகைக் காரணங்கள் பிணைந்திருக்கின்றன. சமூகவியலாளர் ஆல்ஃபிரட் ஷூட்ஸ் 1932-இல் இவற்றைப் பிரித்துக் காட்டினார். பிள்ளை நாளைக்கு ஆபீஸில் தடுமாறாமல் இருக்கட்டும் என்பது வருங்காலத்தை நோக்கிய ‘இதற்காக’. அப்பனே வில்லேஜ் ஆபீஸில் ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாமல் நின்றிருந்தால், அது கடந்த காலத்திலிருந்து தள்ளும் ‘இதனால்’. முதலாவதைச் செய்தவரே சொல்வார். இரண்டாவதைப் பெரும்பாலும் நீங்கள்தான் பேச்சிலிருந்து கோக்க வேண்டும். அதனால் இரண்டாவதை எழுதும்போது ஆதாரம் கூடுதலாக வேண்டும்.

அழைப்பு முறையில் கவனம் வேண்டும். கொங்குப் பக்கத்தில் ‘ங்க’ இல்லாத பேச்சு காதில் இடிக்கும். தோட்டக்காரரைச் சாதிப் பட்டம் சொல்லி மரியாதையாகவும், அவர் தோட்டத்தில் தேங்காய் போடுகிறவரைப் பேர் சொல்லியும் கூப்பிட்டால், முதல் நாளிலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். எல்லோருக்கும் அண்ணா, அக்கா, அம்மா, ஐயா, எல்லோருக்கும் ‘ங்க’. ஊருக்குள் முதலில் எந்தத் தெருவுக்குப் போகிறீர்கள், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தீர்கள், எங்கே தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள் என்பதை ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். காலனியில் பிறகு கிடைக்கும் பேச்சின் தரத்தை அது தீர்மானிக்கும். முடிந்தால் முதல் வாரமே காலனியில் தொடங்குங்கள்.

அளவு: ஒரு கேள்விக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து குடும்பங்கள் போதும். ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை, குறைந்தது பத்து நாள் இடைவெளி விட்டுப் பாருங்கள். முதல் தடவை வருவது விருந்தாளிக்குச் சொல்லும் பதில். பதினைந்து பேர், இரண்டு முறை, தலா ஒரு மணி நேரம் என்றால் முப்பது மணி நேர ஒலிப்பதிவு. பேச்சு வழக்கை அப்படியே எழுத்தில் இறக்க ஒரு மணி நேரப் பதிவுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். அதாவது 180 முதல் 240 மணி நேரம். நேர்காணல்களைத் திட்டமிடும்போதே இதற்கும் நாள் ஒதுக்காதவர்கள்தான் கடைசியில் நினைவிலிருந்து மேற்கோள் எழுதுகிறார்கள். நினைவிலிருந்து எழுதிய மேற்கோள் உங்கள் மொழியில் இருக்கும், அவர் மொழியில் இருக்காது.

எழுத்தில் இறக்கும்போது திருத்தாதீர்கள். ‘ஜோலி’, ‘அப்ளிகேசன்’ என்று எங்கெங்கே மலையாளமும் ஆங்கிலமும் புகுகிறது, எந்த இடத்தில் பேச்சு முழுக்க மலையாளத்துக்கு மாறுகிறது, அப்போது யார் உள்ளே வந்தார் என்று குறியுங்கள். ‘நாங்க’, ‘அவங்க’ வரும் இடங்களைத் தனி நிறத்தில் அடிக்கோடிடுங்கள். எடுத்துக்காட்டாக, தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். சித்தூர் தாலுகாவின் வயல்கள் அதை நம்பி இருக்கின்றன. தண்ணீர் குறையும் ஆண்டில் தமிழ் பேசும் விவசாயி ஒருவர் “அவங்க தண்ணி விடல” என்றால், அந்த ‘அவங்க’ தமிழ்நாடு. அதே மனிதர் பள்ளிக்கூடப் பேச்சில் “நம்ம பாஷை” என்பார். மொழி அடையாளம் என்று ஒரே வார்த்தையில் கட்டிவைக்கும் ஆய்வு இந்த மனிதரை இழந்துவிடும்.

குறிப்பேடு

பக்கத்தை மூன்று பத்தியாக மடியுங்கள். இடது, பார்த்தது. நடு, அவர்கள் அதைப் பற்றிச் சொன்னது, அவர்கள் சொல்லிலேயே. வலது, உங்களுக்குத் தோன்றுவது. வலது பத்தியில் உள்ள எதுவும் இடதுக்கு நகரக்கூடாது. அன்றைய குறிப்பை அன்று இரவே எழுதுங்கள். தூங்கி எழுந்தால் வரிசை குலையும்.

எல்லையில் தானாக வந்து விழும் செய்திகள் உண்டு. இரண்டு மாநிலத்திலும் கார்டு வைத்திருப்பது, செக்போஸ்ட் தாண்டிப் போகும் சரக்கு போன்றவை. உங்கள் கேள்விக்குத் தேவையில்லை என்றால் குறிப்பேட்டில் ஏற்றவே ஏற்றாதீர்கள். பெயரை மாற்றினால் போதும் என்று நம்பாதீர்கள். முன்னூறு வீடு உள்ள ஊரில் ‘ஓய்வு பெற்ற தமிழாசிரியர், இரண்டு மகள், கிணற்றடி வீடு’ என்றால் பெயரே சொன்ன மாதிரி. தொழில், பிள்ளைகள் எண்ணிக்கை, வீட்டின் இடம் மூன்றில் ஒன்றையாவது மாற்றுங்கள், விளக்கத்தில் அதற்குப் பங்கு இல்லை என்று உறுதி செய்துகொண்டு.

ஒரு குடும்பம், ஒரு விளக்கம்

இப்படி ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மூத்த மகள் தமிழ் மீடியம். நான்கு ஆண்டு கழித்து மகனை மலையாள மீடியத்தில் சேர்த்தார்கள். அப்பா சொல்வது: “பையன் பி.எஸ்.சி. எழுதோணும்ங்க” (கேரள அரசு வேலைக்கான பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தேர்வு). அம்மா சொல்வது: “அவனோட சேக்காளிகெ எல்லாம் அங்கதான் போறாங்க.” பாட்டி சொல்வது: “பொட்டப்புள்ள தமிழ் படிச்சாத்தான் நல்லது.”

இங்கே வெபரின் இன்னொரு கருவியை எடுங்கள். செயலை அவர் நான்கு வகையாகப் பிரித்தார்: இலக்குக்கு வழி கணக்கிட்டுச் செய்வது, ஒரு மதிப்புக்காக விளைவு பாராமல் செய்வது, உணர்ச்சியில் செய்வது, பழக்கத்தில் செய்வது. உண்மையான மனிதர் யாரும் ஒரு கட்டத்துக்குள் அடங்கமாட்டார். பயன் வேறு இடத்தில் இருக்கிறது. வெபர் 1904-இல் விளக்கிய இலட்சிய வகைமாதிரியைப் போல (ஒரு கூறை மட்டும் மிகைப்படுத்தி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கட்டும் மாதிரி), முழுக்கக் கணக்கு மட்டும் பார்க்கும் ஒரு பெற்றோரைக் காகிதத்தில் கட்டுங்கள். கேரள அரசு வேலைதான் இலக்கு என்றால் அவர் இரண்டு பிள்ளைகளையும் மலையாளத்தில் சேர்த்திருப்பார். முழுக்க மொழிப்பற்றில் இயங்கும் பெற்றோரைக் கட்டுங்கள். அவர் இருவரையும் தமிழில் சேர்த்திருப்பார். நம் குடும்பம் இரண்டோடும் பொருந்தவில்லை. பொருந்தாத அந்த இடைவெளியில் கேளுங்கள்: மகளுக்கும் மகனுக்கும் நடுவே என்ன வேறுபாடு?

ஒரு வாசிப்பு, பாட்டியின் வாக்கியத்திலிருந்து வருகிறது. பெண்ணைப் பொள்ளாச்சிக்கோ உடுமலைக்கோ கட்டிக்கொடுக்கப் போகிறோம், பையன் இங்கேயே இருக்கப் போகிறான். பிள்ளைகள் நாளை எந்த மாநிலத்தில் வாழ்வார்கள் என்ற கணக்கு மீடியத்தில் இறங்கியிருக்கிறது. அழகான வாசிப்பு. அழகாக இருப்பதாலேயே சந்தேகப்படுங்கள்.

முதலில் மிகச் சாதாரணமான விளக்கத்தைத் தேடுங்கள். மகன் சேர்ந்த ஆண்டில் தமிழ்ப் பிரிவுக்கு ஆசிரியர் இருந்தாரா? அந்த டிவிஷன் (வகுப்புப் பிரிவு) நடந்ததா? பள்ளிப் பேருந்து அந்த ஆண்டுதான் வரத் தொடங்கியதா? தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து பெயரில்லாமல் ஆண்டுவாரியாக, மீடியம்வாரியாக, ஆண் பெண் எண்ணிக்கை மட்டும் எடுங்கள். பத்து ஆண்டுக் கணக்கு போதும். அந்த ஒரு ஆண்டில் தமிழ் மீடியமே நடக்கவில்லை என்று தெரிந்தால், பாட்டியின் வாக்கியம் நடந்துபோனதற்குப் பின்னால் சொன்ன சமாதானம். கல்யாணக் கணக்கு பற்றி நீங்கள் எழுதிய பத்துப் பக்கமும் விழும். விழட்டும், பதிவேட்டை முதல் வாரத்திலேயே பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அது தாண்டியும் வாசிப்பு நின்றால் அடுத்த சோதனைக்குப் போகலாம். கல்யாணக் கணக்கு சரி என்றால், தமிழ்நாட்டுப் பக்கம் சம்பந்தம் வைத்திருக்கும் வீடுகளில் மகளுக்கும் மகனுக்கும் மீடியம் பிரிய வேண்டும். பாலக்காட்டுப் பக்கமே கொண்டு கொடுக்கும் வீடுகளில் பிரியக்கூடாது. பெண் பிள்ளைகள் மட்டும் உள்ள வீடு, மகன் மட்டும் உள்ள வீடு, திருச்சூரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு எனத் தேடிப் போங்கள். உங்கள் வாசிப்பை உடைக்கக்கூடிய வீடுகளைத் தேடிப் போவதுதான் வேலை. உறுதிப்படுத்தும் வீடுகள் தேடாமலே வரும்.

வெபர் இரண்டு பொருத்தங்களைக் கேட்கிறார். பொருளளவில் பொருந்த வேண்டும்: இந்தச் சூழலில் இந்த மனிதர் இப்படிச் செய்வது புரியும்படி இருக்க வேண்டும். காரணமளவிலும் பொருந்த வேண்டும்: அந்தச் சூழல் இருக்கும்போது அந்தச் செயல் உண்மையிலேயே கூடுதலாக நிகழ்கிறது என்று காட்ட வேண்டும். முதலாவது இல்லாமல் எண்ணிக்கை மட்டும் இருந்தால் புரியாத புள்ளிவிவரம். இரண்டாவது இல்லாவிட்டால் நல்ல கதை.

முழுமையும் பகுதியும்

ஒரு வாக்கியத்தை முழு நேர்காணலோடும், நேர்காணலை ஊரின் வரலாற்றோடும், வரலாற்றை மீண்டும் அந்த வாக்கியத்தோடும் வைத்துப் படிப்பதைப் பொருள்கோளியலில் (பொருள் கொள்ளும் முறை பற்றிய இயலில்) வட்டம் என்பார்கள். எல்லையில் இதற்கு ஆண்டுகள் தெரிந்திருக்க வேண்டும். சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது; 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளத்தில் சேர்ந்தன. தொடக்கப்பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்லும் அரசியலமைப்பின் 350ஏ பிரிவும் அதே ஆண்டில் வந்தது. செங்கோட்டைப் பக்கமும் கன்னியாகுமரிப் பக்கமும் வேலை செய்பவருக்கு 1956-க்கு வேறு பொருள். அவர்கள் தமிழகத்துக்கு வந்தவர்கள். ஆந்திர எல்லையில் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் போகிறவருக்கு 1956 போதாது. திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960-இல். (பாலக்காட்டுச் சித்தூரும் ஆந்திரத்துச் சித்தூரும் வேறு வேறு. நூலகத்தில் குறிப்பெடுக்கும்போது இது அடிக்கடி குழம்பும்.)

ஆனால் இந்த ஆண்டுகள் உங்கள் தலையில் இருக்கின்றன, பேசுகிறவர் தலையில் இருக்க வேண்டும் என்பதில்லை. முப்பது வயதுத் தாய் ஒருத்தி மீடியம் தேர்ந்ததற்கு 1956-ஐக் காரணமாக எழுதும் முன், அவர் பேச்சில் அது எங்கேயாவது தானாக வந்ததா என்று தேடுங்கள். வரவில்லை என்றால், அது எந்த வழியாக அவர் முடிவுக்குள் வந்தது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது: எந்தப் பள்ளி எந்த ஆண்டு ஏன் தொடங்கியது, அவர் மாமனார் எங்கே படித்தார், வேலைக்கு எந்த மொழியில் தேர்வு.

எங்கே கெட்டுப்போகிறது

உள்ளூர்க்காரர் ஆய்வாளரானால் கேள்வியே கேட்காமல் விடைகளை நிரப்புவார். “இதெல்லாம் தெரிஞ்சதுதானே” என்று தோன்றும் இடங்களில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள், அவற்றையே முதலில் கேளுங்கள். வெளியூர்க்காரருக்கு எதிர்த் திசையில் ஆபத்து. எல்லாம் விசித்திரமாகப் படும், எல்லாவற்றுக்கும் ஆழ்பொருள் தேடுவார். சீசரைப் புரிந்துகொள்ளச் சீசராக இருக்க வேண்டியதில்லை என்ற வாசகத்தை வெபர் எடுத்தாள்கிறார். தமிழராய்ப் பிறந்தது இங்கே சலுகையும் இல்லை, மலையாளியாய்ப் பிறந்தது தடையும் இல்லை. இரண்டுக்கும் சரிபார்க்கும் முறை ஒன்றே.

‘அது அவங்க பழக்கம்’, ‘அவங்க பண்பாடு’ என்ற வாக்கியம் உங்கள் வரைவில் எங்கே வந்தாலும் அடியுங்கள். அது விளக்கம் நின்றுபோன இடம். ‘ஊர் நினைக்கிறது’, ‘சமூகம் விரும்புகிறது’ என்பவற்றுக்கும் அதே கதி. நினைப்பவர்கள் ஆட்கள், எந்த ஆள், எத்தனை ஆள், யார் எதிர்த்தார் என்று எழுதுங்கள்.

நன்றாகப் பேசுகிற ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். ஓய்வு பெற்ற வாத்தியார், மெம்பர், சங்கச் செயலாளர். அவர் தரும் விளக்கம் கோவையாக இருக்கும், மேற்கோளுக்கு ஏற்றதாக இருக்கும். வரைவை முடித்ததும் மேற்கோள்களை எண்ணுங்கள். ஐந்தில் ஒன்றுக்கு மேல் ஒரே வாயிலிருந்து வந்திருந்தால் நீங்கள் ஊரை எழுதவில்லை, அவரை எழுதியிருக்கிறீர்கள்.

கூடவே ஒன்று. எல்லாவற்றுக்கும் பொருள் காரணமாகாது. பள்ளிக் கட்டணம், பேருந்து நேரம், தேங்காய் விலை போன்றவை யார் எப்படி நினைத்தாலும் வேலை செய்யும். அவற்றை மனிதர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் நம் முறைக்கு இடம்.

எழுதுவது

1973-இல் மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ், தத்துவவாதி கில்பர்ட் ரைலிடமிருந்து எடுத்து, அடர் விவரிப்பு என்பதைப் பிரபலமாக்கினார். ஒரு பையனின் இமை தானாகத் துடிக்கிறது, இன்னொருவன் கண்ணடிக்கிறான். கேமராவுக்கு இரண்டும் ஒன்று. எழுத்து அந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டும். மெலிந்த எழுத்து இப்படி இருக்கும்: ‘தந்தை மகனை மலையாள மீடியத்தில் சேர்த்தார். வேலைவாய்ப்பே காரணம்.’ அடர்த்தியான எழுத்துக்கு, பாரத்தைப் பூர்த்தி செய்தது பக்கத்து வீட்டு மலையாளிப் பெண் என்பதும், மீடியம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவர் பேனாவை நிறுத்தி அம்மாவைப் பார்த்ததும், அம்மா பாட்டியைப் பார்த்ததும், அப்பா “எழுதுங்க” என்றதும் வேண்டும். கூடவே மகளுக்கான பாரத்தை நான்கு ஆண்டு முன் அந்த அப்பாவே தமிழில் எழுதினார் என்பதும் வேண்டும். இப்படிப்பட்ட விவரம் உங்கள் குறிப்பேட்டின் இடது பத்தியில் இருந்தால்தான் எழுத முடியும். இல்லாததைச் சேர்த்தால் அது ஆய்வு இல்லை. விவரங்களை வெறுமனே குவித்தாலும் அடர்த்தி வராது. எந்த வாசிப்பை எந்த விவரம் தாங்குகிறது என்று தெரிய வேண்டும்.

வரைவை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்புங்கள். அவர்களைப் பற்றிய பகுதியை அவர்கள் பேச்சிலேயே சொல்லிக் காட்டுங்கள். ஆய்வாளரின் கருத்தாக்கம் செய்தவருக்கும் அவர் அன்றாட அறிவில் புரியும்படி இருக்க வேண்டும் என்பது ஷூட்ஸின் நிபந்தனை. “அப்படி இல்லீங்க” என்று சொன்னால் உடனே அடிக்காதீர்கள், உடனே புறந்தள்ளவும் செய்யாதீர்கள். எந்த வாக்கியம் இல்லை என்கிறார்? நடந்ததையா, காரணத்தையா, வெளியே சொன்னதையா? நடந்ததை மறுத்தால் அவர் சொல்வதே சரி, திருத்துங்கள். காரணத்தை மறுத்தால் இரண்டு வாசிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, உங்கள் ஆதாரத்தை வையுங்கள். வெளியே சொன்னதுதான் வருத்தம் என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். அதனால் அத்தியாயம் மெலிந்தாலும் சரி.

பொருந்தாமல் நின்ற வீடுகள் இரண்டு மூன்று கடைசிவரை இருக்கும். அவற்றை அடிக்குறிப்புக்குத் தள்ளாமல் உள்ளே ஒரு பகுதியாக எழுதுங்கள்: எந்தக் குடும்பம், எந்த வாசிப்புக்கு எதிராக, எந்த ஆண்டுச் சேர்க்கை, அடுத்து எதைப் பார்த்தால் தெளியும். அந்தக் குடும்பத்தின் இளைய பிள்ளை பள்ளியில் சேரும் ஜூன் எப்போது வரும் என்பதையும் குறித்துவையுங்கள்.